பிள்ளையின் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

"மாதாமாதம் நான் கட்டுகிற காசு என் பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறதா?" மணமுறிவுக்குப் பிறகு பராமரிப்புத் தொகை கட்டிவரும் தகப்பன்மார் பலருடைய மனத்தில் இந்தக் கேள்வி உண்டு. ஸ்ரீ கெம்பாங்கானின் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளானின் தாமான்களிலும் இது ஒரு சந்தேகமாகத் தொடங்குகிறது, சண்டையாக வளர்கிறது, பிறகு "கணக்குக் காட்டினால்தான் காசு" என்ற நிபந்தனையாக இறுகிவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு கோரிக்கை பிறக்கிறது: பணத்தை வாங்குபவர் அதை எப்படிச் செலவழித்தார் என்று ரசீதோடு காட்டும்படி சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது, கோரிக்கையில் இல்லை. பராமரிப்புப் பணத்தின் மீது கண்காணிப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. அந்தக் கண்காணிப்பு பிரிந்துபோன துணையின் கையில் இருக்கக் கூடாது, நீதிமன்றத்தின் கையிலும் பொது அமைப்பு ஒன்றின் கையிலும் இருக்க வேண்டும். அது ரசீதுக் கட்டைப் புரட்டாமல் பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தையும் மணமுறிவையும் நம் நாட்டில் ஆள்வது 1976-ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம். வழக்கறிஞர்கள் சுருக்கமாகச் சட்டம் 164 என்பார்கள். 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த இச்சட்டத்தின் 92-வது பிரிவு, பிள்ளைக்கு உறைவிடம், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைத் தன் வசதிக்கேற்ப ஏற்பாடு செய்வது, அல்லது அதற்கான செலவைக் கொடுப்பது, பெற்றோரின் கடமை என்கிறது. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அந்தக் கடமை மாறாது. 93-வது பிரிவு இதற்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. தந்தைக்கு எதிராக மட்டுமின்றி, வசதியைப் பொறுத்து நியாயமென்று கண்டால், தாய்க்கு எதிராகவும் ஆணையிடலாம். இந்தக் கட்டுரையில் வாங்குபவர் என்றதும் பெரும்பாலும் தாய்தான் நினைவுக்கு வருவார். பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தகப்பனுக்கும் வாதம் அப்படியே பொருந்தும். அதே 93-இன் மூன்றாவது உட்பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. பணத்தைப் பிள்ளையை வைத்திருப்பவரிடம் கொடுக்கச் சொல்லலாம், அல்லது பிள்ளைக்கான அறங்காவலரிடம் கொடுக்கச் சொல்லலாம் என்கிறது அது. 89-வது பிரிவு, பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது தகுந்த நிபந்தனைகள் விதிக்க இடம் தருகிறது. 96-வது பிரிவின்படி, பழைய ஆணை தவறான தகவலின் பேரில் பிறந்ததென்றாலோ, சூழ்நிலை பெரிதாக மாறிவிட்டதென்றாலோ, அக்கறையுள்ள எவரும் மனுச் செய்து ஆணையை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். ஆக, வாங்குபவர் என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்று சொல்வது சரியல்ல. மாதாந்தரக் கணக்கைச் சட்டம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் விட்டதற்குக் காரணமும் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்ரீ கெம்பாங்கானில் இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாய், பாலாக்கோங் தொழிற்சாலை ஒன்றில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் அந்தச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தகப்பன் 600 ரிங்கிட் அனுப்புகிறார். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் விழுகின்றன. வாடகை, மின்சாரம், தண்ணீர், அரிசி, கேஸ், பள்ளி பஸ், பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கொடுக்கும் காசு, எல்லாம் அங்கிருந்துதான் போகின்றன. இதில் எந்த வெள்ளி தகப்பனுடையது, எந்த வெள்ளி தாயுடையது? தாய் தனி ஆளாக இருந்தால் ஓர் அறை வாடகைக்குப் போதும். பிள்ளைகள் இருப்பதால்தான் இரண்டு அறை வீடு தேவைப்படுகிறது. கூடுதலாகப் போகும் வாடகை முழுக்கப் பிள்ளைச் செலவு. ஆனால் வாடகை ரசீதில் பிள்ளையின் பெயர் இருக்காது. இரவு ஷிஃப்டை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்காகக் குறைந்த சம்பளத்தில் பகல் வேலைக்கு மாறினால், அந்த இழப்புக்கு எந்தக் கடையும் ரசீது தருவதில்லை.

அந்தத் தாய் ஒரு மாதம் கைப்பேசி வாங்கினார் என்று வையுங்கள். "என் பிள்ளைக் காசில் போன் வாங்கிவிட்டாள்" என்று குற்றச்சாட்டு வரும். அவருடைய சொந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கும் அவர்கள் சாப்பிடும் சோற்றுக்கும் போய்விட்டதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குடும்பச் செலவு முழுவதையும் ஒருபுறமும் தகப்பன் கொடுத்த தொகையை மறுபுறமும் வைத்துப் பார்த்தால், 600 ரிங்கிட்டைத் தாண்டித்தான் பிள்ளைகளுக்குச் செலவாகியிருக்கும். அப்படியிருக்கும்போது, தகப்பன் கொடுத்த நோட்டு தனியாக எங்கே போயிற்று என்று தேடுவதில் பொருளே இல்லை. பராமரிப்புத் தொகை என்பது ஒரு வீட்டை நடத்துவதற்கான பங்கு. பங்கு கொடுப்பவர் தன்னிடம் மிஞ்சிய பணத்தை எப்படிச் செலவழிக்கிறார் என்று அவரிடம் எந்தச் சட்டமும் கணக்குக் கேட்பதில்லை. அதே பிள்ளைக்கு அதே கடமைப்பட்ட இருவரில், வளர்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்பவரிடம் மட்டும் கேட்பது எந்த நியாயம்?

வேறு நாடுகள் என்ன செய்திருக்கின்றன என்பது இங்கே உதவும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் வாங்குபவரிடம் வழக்கமான கணக்கு எதையும் கேட்பதில்லை. விதிவிலக்கான சில மாநிலங்களில் இந்தியானா ஒன்று. அங்கும் கணக்குக் காட்டச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, முன்னாள் துணைக்கு இல்லை. அதற்கான தேவை இருக்கிறதென்று முதலில் நிரூபிக்க வேண்டும். இனிமேல் ஆகப்போகும் செலவுக்குத்தான் கணக்குக் கேட்கலாம், பழைய செலவைக் கிளற முடியாது. இன்னும் தெளிவான பாடம் பிரேசிலில் இருக்கிறது. அங்கே 2014-இல் இயற்றப்பட்ட 13,058-ஆம் எண் சட்டம், பிள்ளையை வைத்திருக்காத பெற்றோருக்குத் தகவலும் கணக்கும் கேட்கும் உரிமையைக் குடிமைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதன் பிறகும் நீதிபதிகளிடையே கருத்து வேற்றுமை ஓயவில்லை. 2020-இல்தான் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றத்தின் ஓர் ஆயம் இத்தகைய வழக்கை ஏற்கலாம் என்றது. ஆனால் கொடுத்த பராமரிப்புப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது அங்கே மாறாத விதி. அப்படியானால் கணக்குக் கேட்டு என்ன பயன்? பிள்ளைக்குக் கேடு நடக்கிறதென்று தெரிந்தால் தொகையையோ, பிள்ளையை வைத்திருக்கும் ஏற்பாட்டையோ மாற்றக் கேட்கலாம், அவ்வளவே. சுற்றிச் சுற்றி அந்தச் சட்டமும் பிள்ளையின் நிலை என்ன என்ற கேள்விக்கே வந்து சேர்கிறது. நம் 96-வது பிரிவு அந்தக் கேள்வியை ரசீது கேட்காமலே நேரடியாகக் கேட்க இடம் தருகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பணத்தை உண்மையிலேயே வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள். குடி, சூதாட்டம், கடன், புதிய உறவு என்று போகும் பணமும் உண்டு. பிள்ளை கிழிந்த காலணியோடு பள்ளிக்குப் போகிறது, டியூஷன் கட்டணம் பாக்கி, மருந்து வாங்கப்படவில்லை, ஆனால் பணம் ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டிருக்கிறது என்றால், தகப்பன் பதறுவது இயல்பு, பதறாவிட்டால்தான் தவறு. ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் எது சான்று என்று பாருங்கள். பள்ளி வருகைப் பதிவு, ஆசிரியரின் வாக்குமூலம், கிளினிக் அட்டை, பிள்ளையின் எடை, வீட்டின் நிலை, இவைதான் சான்று. இவை தேறவில்லை என்றால், ரசீது எத்தனை அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும் நீதிமன்றம் தலையிட வேண்டும். இவை தேறினால், ரசீது ஒன்றுகூட இல்லாவிட்டாலும் தலையிடக் காரணமில்லை. ஏமாற்ற நினைப்பவருக்கு ரசீது சேர்ப்பது பெரிய வேலையா? பேரங்காடியின் பில்லில் பால்மாவு இருக்கும். அதைக் குடித்தது யார் என்று பில் சொல்லாது. நேர்மையானவருக்குத்தான் அது சுமை. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, காலைச் சந்தையில் ரசீதில்லாமல் காய்கறி வாங்குபவர்தான் கணக்கில் தோற்பார். பிள்ளை உண்மையில் புறக்கணிக்கப்பட்டால் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இருக்கிறது. சமூகநல இலாகா தலையிடலாம். அது பராமரிப்புப் பணத் தகராறைவிடப் பெரிய விஷயம், அதற்குரிய வழியில்தான் போக வேண்டும்.

இரண்டாவது மறுப்பை இப்படிச் சொல்வார்கள்: கோயில் நிர்வாகத்திடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறோமே, பிறர் பணத்தை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கணக்குக் காட்டத்தானே வேண்டும்? கோயில் நிர்வாகி தன் சம்பளத்தைப் போட்டுக் கோயிலை நடத்துவதில்லை. பக்தர் கொடுத்ததை வைத்து நடத்துகிறார். பிள்ளையை வளர்ப்பவர் தன் பணத்தையும் உழைப்பையும் முதலில் போடுகிறார். மற்றவர் அனுப்புவது அதோடு சேர்கிறது. மேலும், கோயில் கணக்கு பொதுக்குழு முன் வைக்கப்படுகிறது. இங்கே கணக்கைக் கேட்பவர் நேற்றுவரை சண்டையிட்டுப் பிரிந்தவர். "எதற்கு வெளியில் சாப்பிட்டீர்கள்?", "எதற்கு அந்த உடை?", "யாரோடு போனாய்?" என்று ஒவ்வொரு ரசீதும் ஒரு விசாரணையாக மாறும். மணவாழ்வில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு துணையை அடக்கியவருக்கு, மணமுறிவுக்குப் பிறகும் அதே பிடியைச் சட்டமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். 1961-ஆம் ஆண்டின் சிறார் காப்பாளர் சட்டத்தில், பிள்ளை மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று எழுத 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாடு இது. அந்தச் சமத்துவத்தைச் செலவுக் கணக்கின் பெயரால் பின்வாசல் வழியே பறிக்கக் கூடாது.

மூன்றாவதாக, கணக்கு இல்லாததால்தான் தகப்பன்மார் கட்டுவதை நிறுத்துகிறார்கள் என்ற வாதம் இருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் நம் ஊர்களில் உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது. வாங்கிய பணம் எப்படிச் செலவானது என்பதைவிட, ஆணையிட்ட பணம் வந்து சேரவே இல்லை என்பதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. கட்டாதவர் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் (பராமரிப்பு) சட்டத்தின்படி, கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்ப முடியும். 1968-ஆம் ஆண்டின் அமலாக்கச் சட்டத்தின்படி, முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி ஆணை வாங்கலாம். ஆனால் அந்த ஆணை நிலையான வேலையில் இருப்பவரிடம்தான் செல்லும். கிராப் ஓட்டுபவரிடமும் சொந்தமாக லோரி வைத்திருப்பவரிடமும் ரொக்கத்தில் கூலி வாங்குபவரிடமும் பிடிப்பதற்குச் சம்பளச் சீட்டே இருக்காது. வழக்குப் போட வேண்டியவர் தாய்தான். ஷா ஆலாமுக்கு ஒருமுறை போய்வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். வழக்கு ஒரே நாளில் முடிவதுமில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தாலும் ஆபத்து உண்டு. மூன்று ஆண்டுக்கு முந்திய பாக்கியை, நீதிமன்றம் சிறப்புக் காரணம் கருதி அனுமதித்தாலொழிய, வழக்கிட்டு வாங்க முடியாது. கட்டாமல் காலம் கடத்துபவருக்குச் சட்டம் தரும் இந்தச் சலுகையைப் பற்றி, ரசீது கேட்பவர்கள் பேசுவதில்லை.

பணம் கட்டுவதையும் பிள்ளையைப் பார்ப்பதையும் முடிச்சுப் போடுவது இன்னொரு தவறு. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டவில்லை" என்று ஒருவரும், "கட்டவில்லை, அதனால் காட்டவில்லை" என்று மற்றவரும் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு தனி விஷயங்கள். பார்க்கும் உரிமையைத் தடுப்பவருக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் அதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் சாப்பாட்டை நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

கணக்கு வேண்டாமென்றால் தகப்பனின் சந்தேகத்துக்கு என்னதான் மருந்து? ஆணையை எழுதும்போதே பாதி வழியை அடைத்துவிடலாம். ஒட்டுமொத்தமாக ஒரு தொகையைச் சொல்வதற்குப் பதிலாக, வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு, பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தனி என்று பிரித்து எழுதலாம். இப்படி எழுதுவது நம் வழக்கறிஞர்களுக்குப் புதிதல்ல; சம்மத ஆணைகளில் இது காணக்கூடியதே. ஆஸ்திரேலியா இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறது. 1988 முதல் அங்கே அரசு அமைப்பே பராமரிப்புத் தொகையைப் பதிவுசெய்து வசூலிக்கிறது. பிள்ளையை மிகக் குறைந்த நேரமே வைத்திருக்கும் பெற்றோர், பள்ளிக் கட்டணம், மருத்துவம் போன்ற குறிப்பிட்ட செலவுகளை நேரடியாகக் கட்டினால், தன் மாதத் தொகையில் 30 விழுக்காடு வரை அதில் கழித்துக்கொள்ளலாம். மீதி 70 விழுக்காடு வளர்ப்பவரின் கைக்கே போக வேண்டும், அதற்கு ரசீதும் கிடையாது. நேரடிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்கிற தகப்பனுக்கு இதில் ஓரளவு மனநிறைவு கிடைக்கிறது, வீடும் நடக்கிறது. எல்லாவற்றையும் நேரடியாகக் கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பள்ளி பஸ்காரருக்கு அவர் கட்ட மறந்தால், வழியில் நிற்பது பிள்ளைதான்.

பெரிய தொகைகளுக்கு அறங்காவலர் ஏற்பாடு பொருந்தும். சொத்துப் பிரிப்பில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய பணம், உயர்கல்விக்காக மொத்தமாகக் கொடுக்கும் பணம் ஆகியவற்றை அறங்காவலரிடம் வைத்தால் அங்கே கணக்கு இயல்பாகவே இருக்கும். மாதம் 500 வெள்ளிக்கு அறங்காவலர் நியமித்தால் அவருடைய கட்டணமே பிள்ளையின் பணத்தைத் தின்றுவிடும். உயர்கல்வியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில், உடல் அல்லது மனக் குறைபாடு இல்லாத பிள்ளைக்கு 18 வயதுக்கு மேல் படிப்புக்காகப் பராமரிப்பு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு அந்தத் தீர்ப்பின் நிழலில் நின்றது. 2017-இல் நாடாளுமன்றம் 95-வது பிரிவைத் திருத்தி, மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை தொகை தொடரலாம் என்றாக்கியது. 2018 டிசம்பர் 15-இல் அது நடப்புக்கு வந்தது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, நீதிமன்றம் இடம் தந்தால், கட்டணத்தைக் கல்லூரிக்கே செலுத்துவது எளிது. சந்தேகமும் எழாது. இந்தத் திருத்தம் வந்ததே தெரியாத குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மிச்சமிருப்பது அமைப்பு. முஸ்லிம் குடும்பங்களுக்காக, மலேசிய ஷரியா நீதித்துறை இலாகாவின் கீழ் 2010-இல் குடும்ப ஆதரவுப் பிரிவு தொடங்கப்பட்டது. ஷரியா நீதிமன்றத்தின் பராமரிப்பு ஆணைகளை நிறைவேற்ற உதவுவதும், கட்ட வேண்டியவர் கட்டும்வரை தகுதியுள்ள தாய்க்கும் பிள்ளைக்கும் நிதியிலிருந்து முன்பணம் தருவதும் அதன் வேலை. முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு இதற்கு ஈடான ஒன்று இல்லை. நாட்டில் 2021-இல் 43,936-ஆக இருந்த மணமுறிவுகள் 2022-இல் 62,890-ஆக உயர்ந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் தேங்கியவையும் இதில் சேர்ந்திருக்கலாம். என்றாலும் இது சிறிய எண் அல்ல. இதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மலேசியா 1995-இல் ஏற்ற சிறார் உரிமைகள் உடன்படிக்கையின் 27-வது விதி, பெற்றோரிடமிருந்து பராமரிப்புத் தொகையை வாங்கித் தர அரசு எல்லாத் தகுந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. பணம் தாயின் கணக்குக்குத் தகப்பனிடமிருந்து நேராக வராமல் ஒரு பொது அமைப்பின் வழியாக வந்தால், இரண்டு பக்கச் சண்டையிலும் பாதி அடங்கும். கட்டினேன், கட்டவில்லை என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. தகப்பனுக்குப் பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அந்த அமைப்பிடம் முறையிடலாம். அதன் சமூகநல அதிகாரி வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்ப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரலாம். நான் கேட்கும் கண்காணிப்பு இதுதான். இதற்குச் செலவாகும் என்று அரசு சொன்னால், ஒரு பிரிவினருக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும்.

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சும் பிரதமர் துறையின் சட்டப் பிரிவும் மூன்று காரியங்களைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்: முஸ்லிம் அல்லாதோருக்கும் பராமரிப்புத் தொகையை வசூலித்து முன்பணம் தரும் அமைப்பு, பிள்ளைகளின் பாக்கிக்கு மூன்று ஆண்டு வரம்பை நீக்கும் திருத்தம், சொந்தத் தொழில் செய்பவரின் வருமானத்தைக் கண்டறியும் அதிகாரம். இவை வரும்வரை, தொகை கட்டும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வங்கி வழியாகவே கட்டுங்கள், பதிவை வைத்திருங்கள். பிள்ளைக்குக் குறை தெரிந்தால் பள்ளியில் விசாரியுங்கள், சட்ட உதவி இலாகாவை அணுகுங்கள், 96-வது பிரிவின் கீழ் மனுச் செய்யுங்கள். வழக்கு முடியும்வரை ஒரு மாதம்கூடக் கட்டுவதை நிறுத்தாதீர்கள்.